ஸ்லாட் என்றால் என்ன: காசுத் துளை முதல் சூதாட்ட இயந்திரம் வரை

டர்பன் நகரத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஸ்லாட் என்ற சொல் ஒரே நாளில் பல பொருள்களில் பேச்சில் வந்துவிடுகிறது. கைப்பேசியில் இரண்டாவது சிம் அட்டைக்கு ஸ்லாட் உண்டா என்று கடையில் கேட்கிறோம். மின்வெட்டுக் காலங்களில் நம் பகுதிக்கு எந்த ஸ்லாட் என்று பார்த்துவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கிறோம். அடுத்த தெருப் பெரியம்மா ஸ்லாட் ஆடப் போயிருக்கிறார் என்று கேள்விப்படுகிறோம். முதல் இரண்டையும் தவறாகப் புரிந்துகொண்டால் பெரிய நட்டம் ஒன்றும் வந்துவிடாது. மூன்றாவதைத் தவறாகப் புரிந்துகொண்டவர்கள் மாதந்தோறும் பணத்தை இழக்கிறார்கள். ஆகையால் மற்றப் பொருள்களைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, ஸ்லாட் இயந்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை இக்கட்டுரையில் விரிவாகப் பார்ப்போம்.

குறிப்பிட்ட ஒரு பொருள் நுழைவதற்கென்று அளவெடுத்து வெட்டிய ஒடுங்கிய திறப்பே ஸ்லாட். கோவில் உண்டியலின் வாயும் தபால் பெட்டியின் வாயும் திருகாணித் தலையில் வெட்டிய பள்ளமும் இந்த வகையைச் சேர்ந்தவை. தென்னாப்பிரிக்காவின் மூத்த தலைமுறை நன்கு அறிந்த ஸ்லாட், பொதுத் தொலைபேசியில் காசு போடும் துளை. 1961-இல் ரேண்ட் நாணயம் வருவதற்கு முன்பு இங்கே புழங்கிய மூன்று பென்னிக் காசுக்கு டிக்கி என்று பெயர். அதைப் போட்டுப் பேசிய தொலைபேசியை டிக்கி பாக்ஸ் என்றே எல்லாரும் சொன்னார்கள். காசு மாறிய பிறகும் அந்தப் பெயர் நெடுநாள் நிலைத்திருந்தது.

காசுத் துளை காசை வாங்கிக்கொள்வதோடு அதைச் சோதிக்கவும் செய்கிறது. அளவு மீறிய காசு துளையிலேயே தடைபட்டுவிடும். உள்ளே போன காசு ஒரு சிறு தாங்கியில் விழும்; எடை குறைந்த காசால் அந்தத் தாங்கியைச் சாய்க்க முடியாததால் அது வெளியே தள்ளப்படும். காசுக்குப் பதிலாக யாரேனும் இரும்பு வில்லையைப் போட்டால், வழியில் உள்ள காந்தம் அதைப் பிடித்துக்கொள்ளும். பிற்காலத்தில் மின்சுருள்களைக் கொண்டு உலோகக் கலவையையே அறிந்துகொள்ளும் முறை வந்தது. ஆள் இல்லாமலேயே பணத்தை வாங்கிச் சரிபார்க்க இப்படி ஒரு வழி கிடைத்த பிறகுதான், தொலைபேசி, எடை பார்க்கும் இயந்திரம், மிட்டாய் இயந்திரம், கடைசியில் சூதாட்ட இயந்திரம் எல்லாமே பிறந்தன.

கணினியில் நினைவகப் பலகை செருகும் இடமும் கைப்பேசியில் சிம் அட்டை அமரும் இடமும் ஸ்லாட்தான். நினைவகப் பலகையின் விளிம்பில் ஒரு வெட்டு நடுவை விட்டுச் சற்றே விலகி இருப்பதையும், சிம் அட்டையின் ஒரு மூலை சாய்வாக வெட்டப்பட்டிருப்பதையும் கவனித்திருப்பீர்கள். தலைகீழாகச் செருகிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

பொருளுக்கு இடம் ஒதுக்குவதுபோல நேரத்துக்கும் இடம் ஒதுக்கலாம். மின்வெட்டு அட்டவணையில் நம் பகுதிக்கென்று குறித்த மணிக்கூறு ஒரு ஸ்லாட். 1983-இல் ரேடியோ லோட்டஸ் என்ற பெயரில் தொடங்கி இன்று லோட்டஸ் எஃப்எம் என்று ஒலிக்கும் வானொலியில், தமிழ், இந்தி, தெலுங்கு, குஜராத்தி, உருது என்று ஒவ்வொரு மொழிக்கும் பிரித்துக் கொடுக்கும் நேரமும் ஸ்லாட். விமான நிலையங்களில் இந்தச் சொல் மிகவும் விலை உயர்ந்த ஒன்றைக் குறிக்கிறது. லண்டன் ஹீத்ரோ போன்ற நெரிசலான நிலையத்தில் இன்ன நேரத்தில் இறங்கலாம், இன்ன நேரத்தில் புறப்படலாம் என்ற அனுமதியே ஸ்லாட். தனக்கு ஒதுக்கியதில் 80 சதவீதத்தையாவது ஒரு பருவத்தில் பயன்படுத்தாத விமான நிறுவனம் அடுத்த பருவத்தில் அதை இழக்க நேரிடும்.

இனிச் சூதாட்ட இயந்திரத்துக்கு வருவோம். காசைத் துளையில் போட்டு இயக்கியதால் அதற்கு இந்தப் பெயர் வந்தது. இன்றைய இயந்திரங்கள் பெரும்பாலும் நோட்டையோ அச்சிட்ட சீட்டையோ அட்டையையோ வாங்கிக்கொள்கின்றன. பெயர் மட்டும் பழைய துளையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பவேரியாவில் பிறந்து அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் குடியேறிய சார்லஸ் ஃபே, 19-ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் லிபர்ட்டி பெல் என்ற இயந்திரத்தைச் செய்தார். அதற்கு முன்பே நியூயார்க்கின் புரூக்ளினில் சீட்டுக்கட்டுப் படங்கள் ஒட்டிய ஐந்து உருளைகளைக் கொண்ட இயந்திரம் ஒன்று வந்திருந்தது. ஆனால் அதில் வெல்லக்கூடிய சேர்க்கைகள் மிகப் பல என்பதால், பரிசை இயந்திரமே எண்ணித் தர இயலவில்லை. மதுக்கடைக்காரர்தான் ஒரு கோப்பை மதுவோ சுருட்டோ கொடுத்தார். ஃபே உருளைகளை மூன்றாகக் குறைத்து, குதிரை லாடம், நட்சத்திரம், மணி, சீட்டுக் குறிகள் என்று சில படங்களை மட்டும் வைத்துக்கொண்டார். மூன்று மணிகள் ஒரே வரிசையில் நின்றால் 50 சென்ட் தானாகவே கீழே விழும். காசை வாங்குவது, உருளையைச் சுழற்றுவது, வெற்றியைக் கண்டறிவது, பரிசை எண்ணிக் கொடுப்பது ஆகிய நான்கு வேலைகளையும் ஆள் துணையின்றி ஒரு பெட்டியே செய்தது. இன்றுவரை வந்துள்ள எல்லா ஸ்லாட் இயந்திரங்களும் இந்த அமைப்பின் வழிவந்தவையே. சூதாட்டத் தடையைச் சமாளிக்கக் காசுக்குப் பதிலாகச் சூயிங்கம் கொடுத்த காலத்தில்தான் செர்ரி, எலுமிச்சை போன்ற பழப் படங்கள் உருளைகளில் ஏறின.

இந்த இயந்திரத்தின் கணக்கைப் புரிந்துகொள்ள, நாமே தாளில் ஒன்றை அமைத்துப் பார்ப்பதுதான் நல்ல வழி. மூன்று உருளைகள், ஒவ்வோர் உருளையிலும் 10 இடங்கள். அந்தப் பத்தில் ஓர் இடத்தில் ஏழு என்ற எண், இரண்டு இடங்களில் மணி, மூன்று இடங்களில் மாம்பழம், மிச்சம் நான்கு இடங்கள் வெறுமை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் உருளையும் 10 வகையாக நிற்கலாம் என்பதால், மூன்றும் சேர்ந்து நிற்கக்கூடிய வகைகள் 10 × 10 × 10, அதாவது 1,000. ஓர் ஆட்டத்துக்குக் கட்டணம் 1 ரேண்ட். மூன்று ஏழு வந்தால் 200 ரேண்ட், மூன்று மணிக்கு 25 ரேண்ட், மூன்று மாம்பழத்துக்கு 10 ரேண்ட், சரியாக இரண்டு மாம்பழம் மட்டும் வந்தால் 1 ரேண்ட் என்பது பரிசுப் பட்டியல்.

மூன்று ஏழு வருவது 1,000-இல் ஒரே ஒரு வகை. அதற்கு 200 ரேண்ட் போகும். மூன்று மணி 2 × 2 × 2, அதாவது 8 வகைகளில் வரும். அதற்கும் 200 ரேண்ட். மூன்று மாம்பழம் 27 வகைகளில் வரும். அதற்கு 270 ரேண்ட். இரண்டு மாம்பழம் மட்டும் வரும் வகைகள் 189. அவற்றுக்கு 189 ரேண்ட். எல்லாவற்றையும் கூட்டினால் 859 வருகிறது. ஆக, எல்லா வகையும் ஒவ்வொரு முறை வந்தால், ஆடியவர்கள் போட்ட 1,000 ரேண்டில் 859 திரும்பிப் போகும், 141 நடத்துபவரிடம் தங்கும். ஆட்டக்காரருக்குத் திரும்பும் சதவீதம் என்று சொல்லப்படுவது இந்த 85.9 தான். இயந்திரத்தில் யாரும் ஏமாற்று வேலை செய்யத் தேவையில்லை. உருளை முற்றிலும் நேர்மையாகச் சுழன்றாலும் அந்த 141 ரேண்ட் பரிசுப் பட்டியலிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இன்னொன்றையும் இந்தக் கணக்கிலேயே காணலாம். 1,000 வகைகளில் பரிசு தருபவை 225. ஏறக்குறைய நான்கு அல்லது ஐந்து ஆட்டத்துக்கு ஒரு முறை மணியடித்து விளக்கு மின்னும். ஆனால் அந்த 225-இல் 189 வகைகள் போட்ட ஒரு ரேண்டை அப்படியே திருப்பித் தருபவை. உண்மையில் கையிருப்பைக் கூட்டுபவை 36 மட்டுமே. அடிக்கடி வெல்கிறோம் என்ற உணர்வும் பணம் கரைவதும் ஒரே நேரத்தில் நடக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பழைய இயந்திரத்தில் உருளையின் பருமனே பரிசுக்கு வரம்பு கட்டியது. ஓர் உருளையில் 22 இடங்கள் இருந்தால், மூன்றுக்கும் சேர்த்து 10,648 வகைகள்தான். அதைவிட அரிதான, அதைவிடப் பெரிய பரிசை வைக்க வேண்டுமென்றால் உருளையைப் பெரிதாக்க வேண்டும். இந்தத் தடையை, இங்கெ டெல்னேஸ் (Inge Telnaes) என்ற பெயருடையவர் 1984-இல் பெற்ற காப்புரிமை நீக்கியது. முடிவைக் கணினிச் சில்லு தீர்மானிக்கும். கண்ணுக்குத் தெரியும் உருளை அந்த முடிவைக் காட்டுவதற்காகச் சுழலும். சில்லின் நினைவில் ஒவ்வோர் உருளைக்கும் 64 இடங்கள் இருக்கலாம். அப்போது மொத்த வகைகள் 2,62,144 ஆகிவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு மட்டும் அதே 22 இடங்கள்தான் தெரியும்.

இந்த மறைவான உருளையில் நினைத்த இடத்துக்கு நினைத்த எடையைக் கொடுக்கலாம் என்பதை நான் மிகவும் கவனிக்க வேண்டிய செய்தியாகக் கருதுகிறேன். பெரும் பரிசுப் படத்துக்கு 64-இல் ஓர் இடத்தை மட்டும் கொடுத்துவிட்டு, அதற்கு மேலும் கீழும் உள்ள வெறுமைகளுக்கு ஐந்தைந்து இடங்கள் கொடுத்தால் என்ன ஆகும்? அந்தப் படம் பரிசைத் தீர்மானிக்கும் கோட்டில் வந்து நிற்பதைப்போலப் பத்து மடங்கு முறை, கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலேயோ கீழேயோ வந்து நிற்கும். முதல் உருளையில் ஏழு நின்றுவிட்டது, இரண்டாவதிலும் ஏழு, மூன்றாவது மெல்ல மெல்லச் சுழன்று, ஏழு என்ற எண்ணைக் கோட்டருகே கொண்டுவந்து, ஒரே ஓர் இடம் தள்ளி நிற்கிறது. பார்ப்பவர் மயிரிழையில் தவறிவிட்டதே என்று பதறுகிறார். சில்லைப் பொறுத்தவரை பொத்தானை அமுக்கிய கணத்திலேயே முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. மற்றெந்தத் தோல்விக்கும் இந்தத் தோல்விக்கும் அங்கே எந்த வேறுபாடும் இல்லை.

சில்லுக்குள் தற்செயல் எண்களை உண்டாக்கும் நிரல் ஒன்று இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. யாரும் ஆடாத நேரத்திலும் அது வினாடிக்குப் பல நூறு எண்களை உண்டாக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். பொத்தானை அமுக்கும்போது எந்த எண் நிற்கிறதோ அதுவே அந்த ஆட்டத்தின் முடிவாகிறது. இதைத் தெரிந்துகொண்டால் பலருடைய நம்பிக்கைகள் தாமே உதிர்ந்துவிடும். நாம் எழுந்த மறுநிமிடம் வேறொருவர் அமர்ந்து பெரும் பரிசை வென்றால், நம் பணத்தை அவர் கொண்டுபோய்விட்டார் என்று மனம் எரிகிறது. நாம் அங்கேயே இருந்திருந்தாலும், அவர் அமுக்கிய அதே நுண்கணத்தில் நாமும் அமுக்கியிருப்போம் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. பொத்தானை மெதுவாக அமுக்குவதோ, திரையைக் கையால் தடவுவதோ, சாமி பெயரைச் சொல்லித் தொடங்குவதோ எண்ணை மாற்றாது.

இதைவிடத் தீங்கான நம்பிக்கை, நெடுநேரம் கொடுக்காத இயந்திரம் இனிக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது. டர்பன் கடற்கரையோரக் கேசினோவிலும் உம்லாங்கா பக்கத்துக் கேசினோவிலும், வயதில் மூத்த நம் பெண்கள் ஓர் இயந்திரத்தை விட்டு எழ மறுத்து, குளிர்பானம் வாங்கிவரக்கூடப் பேரப்பிள்ளையை அனுப்புவதைக் காணலாம். இவ்வளவு போட்டாயிற்று, இப்போது எழுந்தால் அடுத்தவருக்குப் போய்விடும் என்பது அவர்களுடைய கணக்கு. இயந்திரத்துக்கு அப்படி ஒரு கணக்கே கிடையாது. முந்தைய ஆட்டம் என்ன ஆனது என்பதை அடுத்த ஆட்டத்தின் எண் அறியாது. 8,000-இல் ஒரு வாய்ப்புள்ள பரிசுக்காக ஒருவர் 8,000 முறை ஆடினார் என்று கொள்வோம். அவருக்கு அந்தப் பரிசு ஒருமுறைகூட வராமலிருக்க ஏறத்தாழ 37 சதவீத வாய்ப்பு உண்டு. அப்படி வராமல் போன பிறகு, 8,001-ஆவது ஆட்டத்திலும் வாய்ப்பு 8,000-இல் ஒன்றுதான்.

திரும்பும் சதவீதத்தைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். தென்னாப்பிரிக்காவில் இந்த இயந்திரங்கள் குறைந்தது 80 சதவீதம் திருப்பித் தருமாறு அமைக்கப்பட வேண்டும். பல இயந்திரங்கள் அதற்கும் மேலாகவே தருகின்றன. 90 சதவீதம் என்று கேட்டவுடன், 500 ரேண்ட் கொண்டுபோனால் 450 ரேண்டோடு வீடு திரும்பலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சதவீதம் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனித்தனியே பொருந்துவது. வென்ற காசையும் மறுபடி போட்டு ஆடுவதுதானே வழக்கம். 500 ரேண்டை ஒரு சுற்று முழுதும் ஆடினால் சராசரியாக 450 மிஞ்சும். அதை மறுபடி ஆடினால் 405. ஐந்தாம் சுற்று முடியும்போது சுமார் 295 ரேண்ட். ஆறு வினாடிக்கு ஓர் ஆட்டம் என்ற வேகத்தில், ஆட்டத்துக்கு 2 ரேண்ட் வீதம் ஒரு மணி நேரத்தில் 600 ஆட்டங்களுக்கு 1,200 ரேண்ட் சுழல்கிறது. பத்து சதவீதம் கழிவு என்றால் மணிக்குச் சராசரி 120 ரேண்ட் போகும். ஆகவே எவ்வளவு பணம் கொண்டுபோனோம் என்பதைவிட, எவ்வளவு நேரம், எவ்வளவு வேகமாக ஆடினோம் என்பதே இழப்பைத் தீர்மானிக்கிறது. சராசரி என்பதையும் மறந்துவிடக் கூடாது: சிலர் அன்றைக்கு வென்று போவார்கள், பலர் அந்த 120-ஐவிட மிகுதியாக இழப்பார்கள்.

இன்றைய திரை இயந்திரங்களில் 20, 30 என்று பரிசுக் கோடுகள் இருக்கின்றன. கோட்டுக்கு 10 சென்ட் வீதம் 20 கோடுகளுக்கு 2 ரேண்ட் கட்டி, ஒரு கோட்டில் 60 சென்ட் கிடைத்தால், இயந்திரம் வெற்றி இசையை முழக்குகிறது. உண்மையில் 1 ரேண்ட் 40 சென்ட் போயிருக்கிறது. கூடிக்கொண்டே போகும் பெரும் பரிசு உள்ள இயந்திரங்களில், ஒவ்வொருவர் போடும் பணத்திலிருந்தும் சிறு பங்கு ஒரு பொதுத் தொகையில் சேர்கிறது. அந்தப் பங்கையும் ஆட்டக்காரர்களே கட்டுகிறார்கள்.

நம் நாட்டில் இந்த இயந்திரங்கள் வந்த கதை தனிப்பட்டது. 1965-ஆம் ஆண்டுச் சட்டம் குதிரைப் பந்தயத்தைத் தவிரச் சூதாட்டத்தைத் தடை செய்திருந்தது. நிறவெறி ஆட்சி தனி நாடுகள் என்று பெயரளவில் அறிவித்த தாயகப் பகுதிகளில் அந்தத் தடை செல்லாது. அதனால் 1979-இல் அவற்றில் ஒன்றான போபுதட்ஸ்வானாவில் சன் சிட்டி என்ற கேசினோ விடுதி திறக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் மற்றொரு தாயகப் பகுதியான டிரான்ஸ்கையின் எல்லையில், போர்ட் எட்வர்டுக்கு அருகே வைல்ட் கோஸ்ட் சன் வந்தது. டர்பனிலிருந்து தென்கரைச் சாலையில் சென்று ஆடிவிட்டு வந்த தலைமுறை அதுதான். 1996-இல் தேசியச் சூதாட்டச் சட்டம் நாடு முழுவதும் உரிமம் வழங்க வழி செய்தது. அதன் பிறகு டர்பனிலேயே கேசினோக்கள் எழுந்தன. மதுக்கடைகளிலும் பந்தயக் கடைகளிலும் உள்ள சிறிய இயந்திரங்கள் வேறு வகை. ஆட்டத்துக்கு 5 ரேண்டுக்கு மேல் கட்டக் கூடாது, 500 ரேண்டுக்கு மேல் பரிசு தரக் கூடாது என்ற வரம்புடன் அவை அறிமுகமாயின. பரிசு சிறியது என்பதால் அவற்றில் இழப்பும் சிறியது என்று எண்ணிவிடக் கூடாது. டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் போன்ற இடங்களில் வீட்டருகிலேயே இருப்பது என்பது, மாதத் தொடக்கத்தில் உதவித்தொகை கைக்கு வரும் முதியவருக்கு மிகப் பெரிய வேறுபாடு.

கைப்பேசியில் வந்துள்ள ஸ்லாட் ஆட்டங்களுக்கு உருளையும் இல்லை, இடமும் இல்லை, மூடும் நேரமும் இல்லை. 2004-ஆம் ஆண்டின் தேசியச் சூதாட்டச் சட்டம் இணையவழிக் கேசினோவை அனுமதிக்கவில்லை. ஆயினும் மாகாண உரிமம் பெற்ற பந்தய நிறுவனங்கள் தங்கள் செயலிகளில் இவற்றைத் தருகின்றன. இது சட்டத்துக்கு உட்பட்டதுதானா என்ற வாதம் தொடர்கிறது. எந்த உரிமமும் இல்லாத வெளிநாட்டுத் தளங்களும் உண்டு. அங்கே வென்ற பணம் கைக்கு வராவிட்டால் முறையிட இடமில்லை.

அதே 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, தன்னைத் தானே விலக்கிப் பதிவு செய்துகொள்ளும் உரிமையை ஆடுபவருக்கு அளிக்கிறது. பதிவான ஒருவரை உரிமம் பெற்ற எந்த இடமும் தெரிந்தே ஆடவிடக் கூடாது. குடும்பத்தில் ஒருவருக்காக மற்றவர் நீதிமன்றத்தில் விண்ணப்பித்து இந்தப் பதிவைக் கோரவும் அதே பிரிவில் வழி உண்டு. இது நம் வீடுகளில் பலருக்குத் தெரியாது. தென்னாப்பிரிக்கப் பொறுப்புச் சூதாட்ட அறக்கட்டளையின் இலவச எண் 0800 006 008. ஆடுபவர் மட்டுமின்றி அவருடைய கணவரோ மனைவியோ பிள்ளைகளோ அந்த எண்ணை அழைத்து ஆலோசனை கேட்கலாம்.